எரிந்த ஊரில் விருந்து

அருமை மகனுக்கு வாப்பாவின் ஸலாமும் துஆவும். உன் கடிதம் நேற்று வந்தது. உன் உம்மா அடுப்பு வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, உரக்கப் படிக்கச் சொன்னாள். மெட்ராஸ் வியாபாரிகள் சேர்ந்து நடத்துகிற தர்ம சங்கத்தில் உன்னையும் ஒரு ஆளாக்கியிருக்கிறார்கள் என்பதையும், கடலூர்ப் பக்கம் எரிந்துபோன ஒரு மீனவக் குப்பத்தைப் போய்ப் பார்த்துவந்து நீ சொல்லும் சொல்லை வைத்துத்தான் உதவி முடிவாகும் என்பதையும் படித்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பெற்ற வயிறு குளிர்ந்து போயிருந்தது. அப்புறம் அடுத்த வரி வந்தது. “அந்தக் குப்பத்து ஜனங்கள் ரொம்ப மரியாதை தெரிந்தவர்கள் வாப்பா. இந்த நிலைமையிலும் எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு ஏற்பாடு செய்திருப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மீனும் இறாலுமாக ஒரு வெட்டு வெட்டிவிட்டு வரலாம்” என்று எழுதியிருந்தாய். உன் உம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. சும்மாதான் போனாள்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதி அடித்துவிட்டேன். கோபம் இருக்கிறது. ஆனால் நீ என்ன செய்வாய், உனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நீ தொட்டிலில் கிடந்த வருஷம் நம் ஊரின் கடற்கரைத் தெருக்கள் எரிந்தன என்று உனக்குத் தெரியும். உனக்கு மூத்தவளாக ஆமினா என்று ஒரு லாத்தா இருந்தாள், சின்ன வயதிலேயே மவுத்தாகிவிட்டாள் என்றும் தெரியும். மையவாடிக்கு உன்னைக் கூட்டிப்போய் அவளை அடக்கிய கபுறைக் காட்டியிருக்கிறேன். நீயும் நல்ல பிள்ளையாகக் கையேந்தி துஆ செய்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவாய். நெருப்பும் அவளும் உனக்கு இரண்டு தனித்தனிக் கதைகள். எங்களுக்கு அது ஒரே கதை. சொன்னால் அந்தப் பாரத்தைப் பிள்ளை சுமக்க வேண்டிவரும் என்று உன் உம்மா இத்தனை காலமும் என் வாயை அடைத்து வைத்திருந்தாள். நேற்று ராத்திரிச் சோற்றைப் போட்டுக்கொண்டே, “எழுதிருங்க. அவன் அங்கன போறதுக்கு முன்னாடி எழுதிருங்க” என்றாள்.

அன்றைக்குக் கச்சான் காற்று வெறிபிடித்து அடித்துக்கொண்டிருந்தது. ஆடி மாதம் நம் கரையில் அந்தத் தென்மேற்குக் காற்று எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியும், கண்ணில் மண்ணை வாரிப் போடும். மத்தியான லுஹர் தொழுது முடித்து நாங்கள் பள்ளிவாசலை விட்டு இறங்குகிறோம், மேலத்தெருவில் புகை. எந்த அடுப்புப் பொறி என்று கடைசி வரை தெரியவில்லை, யாரும் தேடவும் இல்லை. பனை ஓலை வேய்ந்த வீடுகள், ஒன்றின் கூரை இறவாணம் இன்னொன்றின் இறவாணத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஓலை பிய்ந்து எரிந்துகொண்டே பறந்து போய் அடுத்த தெருவில் விழுந்தது. உன் உம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். வீட்டில் நீயும் ஆமினாவும் மட்டும்தான். அவள் உன்னைத் தொட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டாள். வாசலைத் தாண்டும்போது கூரை சரிந்து ஒரு கற்றை ஓலை அவள் காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே வெந்துபோனது. உனக்கு ஒரு கீறல்கூட இல்லை. நீ பாட்டுக்கு விரலைச் சூப்பிக்கொண்டிருந்தாய்.

ஊரில் உயிர்ச்சேதம் இல்லை, அதற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னோம். மற்றது எல்லாம் போனது. சரக்கோடு என் கருவாட்டுக் கிட்டங்கி போனது, தோணிக்காரர்களின் கயிறும் வலையும் போனது, பெண்மக்களுக்கென்று சேர்த்து வைத்திருந்த பெட்டிகள் போயின. தோணிகளின் பாய்களைக் கழற்றிக்கொண்டு வந்து, எரிந்த சுவருக்கும் ஊன்றிய கழிக்கும் நடுவே கட்டி, அதன் கீழே குடும்பம் நடத்தினோம். வெயிலுக்குப் பாய் போதும். மழைக்குப் போதாது. ஐப்பசியில் வாடைக் காற்று திரும்பி மழை இறங்குவதற்குள் கூரை ஏறியாக வேண்டும், அதுதான் ஊருக்கு இருந்த ஒரே கவலை. ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள், நம்மிடம் கருவாடு வாங்குகிற பழக்கம் தவிர வேறு உறவில்லாதவர்கள், கேட்காமலே சில வண்டி ஓலை அனுப்பினார்கள். கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்கு முதலில் என்று அதைப் பள்ளிவாசல் ஓரம் அடுக்கி வைத்தோம். மிச்சத்துக்கு எங்கே போவது?

அப்போது ஜமாஅத் தலைவராக இருந்தவர் காசிம் காக்கா. பெரிய மனுஷர், வாக்கு மாறாதவர், கோபம் வந்தால் மூக்கு மட்டும் சிவக்கும். பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் ஜும்ஆ முடிந்ததும் வாசலில் துண்டை விரித்துப் பிடித்தால் ஒரு மாதத்தில் ஓலைக்குச் சேர்ந்துவிடும் என்று இளவட்டங்கள் சொன்னார்கள். காசிம் காக்காவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. “துண்டுல போட்டுத்தான் நம்ம ஊருக்குப் பழக்கம். விரிச்சுப் பழக்கமில்ல” என்றார். அவர் பேச்சு தப்பென்று எனக்கும் தோன்றவில்லை. மெட்ராஸில் தோல் வியாபாரம் செய்கிற ஒரு ஹாஜியார் தர்மவான் என்று கேள்விப்பட்டு, அவரைப் போய்ப் பார்ப்பதென்று முடிவானது. காசிம் காக்காவும் நானும் போனோம். எங்களுக்கு உடுத்த ஒன்றும் இல்லை என்பதால் ஏர்வாடியில் இருக்கிற உன் மாமா வீட்டிலிருந்து சலவை வேட்டியும் சட்டையும் இரவல் வாங்கினோம். காசிம் காக்கா ஒரு கோட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டார். அத்தர் வேறு. எரிந்த ஊரிலிருந்து போகிற இரண்டு பேரும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி ரயில் ஏறினோம்.

ஹாஜியார் நல்லவர் மகனே, அதை முதலில் எழுதிவிடுகிறேன். எழுந்து நின்று வரவேற்றார். டீயும் பிஸ்கட்டும் வந்தன. இந்த வருஷம் மழை எப்படி, கொழும்புக்குச் சரக்குப் போவது எப்படி, யார் வீட்டில் யார் பெண் கட்டியிருக்கிறார்கள் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அவரே, “என்ன விசேஷமா வந்தீங்க?” என்று கேட்டார். நான் காசிம் காக்காவைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “ஒண்ணுமில்ல, ஊர்ல ஒரு சின்ன நெருப்பு. நீங்க ஒரு தடவை நம்ம ஊருக்கு வந்து துஆச் செய்யணும்” என்றார். சின்ன நெருப்பு! வெளியே வந்ததும் நான் அவர்மேல் பாய்ந்தேன். “வந்து பாக்கட்டும்டா. கண்ணால பாத்தவருக்கு நம்ம வாயால சொல்லணுமா?” என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. ஹாஜியாரும் புரட்டாசியில் வருவதாகச் சொல்லிவிட்டார்.

வருகிறார் என்று தெரிந்ததும் ஊர் மாறிப்போனது. அதுவரைக்கும் சாம்பலுக்குள் குந்தியிருந்த ஜனங்கள் எழுந்து நின்றார்கள். விருந்தாளி வருகிறார் அல்லவா? இளவட்டங்கள் கரிக்கட்டைகளை அள்ளிக் கடலோரம் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பெண்கள் விடிந்ததிலிருந்து தெருவைப் பெருக்கி, கடல் மணலைக் கொண்டுவந்து சாம்பல்மேல் பரப்பினார்கள். நெருப்புத் தொடாத தெருவில்தான் அவரை இறக்குவது, அந்த வழியாகத்தான் பள்ளிவாசலுக்குக் கூட்டிவருவது என்று பேசிக்கொண்டோம். பந்தலுக்கு ஓலை வேண்டும். பள்ளிவாசல் ஓரம் அடுக்கியிருந்த ஓலையை எடுத்துத்தான் வேய்ந்தோம். பிறகு பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று சமாதானம். சோறாக்கும் தேக்சாவும் சஹன் தட்டுகளும் உறவுக்காரர்களின் ஊர்களிலிருந்து வண்டியில் வந்தன. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே சஹனில் சாப்பிடும்போது அதில் கறி குறைவாக இருந்தால் ஊருக்கே கேவலம் என்று, பால் கறந்துகொண்டிருந்த ஆடுகளையும் அறுத்தோம். அந்தப் பாலில் ஒரு பங்கு உனக்கு வந்துகொண்டிருந்தது.

காயம்பட்டவர்களை என்ன செய்வது என்று யாரும் கூடிப் பேசவில்லை. அது தானாக நடந்தது. சாப்பிட வருகிறவர் முன்னால் வெந்த புண்ணை யாராவது வைத்துக்கொண்டிருப்பார்களா? அவரவர் வீட்டுப் பெண்கள் அவரவர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, ஊருக்குப் பின்னால் இருக்கிற பனங்காட்டுக்குப் போய்விட்டார்கள். ஆமினாவை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். கால் பாதி ஆறியிருந்தது. வழியெல்லாம் அவளுக்குப் பேச்சு. “அவுக ஓலை கொண்டு வாராகளா வாப்பா?” என்று கேட்டாள். “கொண்டு வருவாக” என்றேன். “தம்பிக்கு மேல மொதல்ல போடச் சொல்லுங்க. நான் பாய்க்குள்ளயே இருந்துக்குவேன்” என்றாள்.

விருந்து பிரமாதமாக நடந்தது. நெய்ச்சோற்றின் வாசம் எரிந்த வாடையை அமுக்கிவிட்டது. ஹாஜியாரோடு வந்தவர்கள் சஹனைச் சுற்றி உட்கார்ந்து மனம் நிறைந்து சாப்பிட்டார்கள். நாங்கள் நின்று பரிமாறினோம். சோற்றில் கை வைத்திருக்கிற மனுஷரிடம் நம் கஷ்டத்தைச் சொல்லக் கூடாது, அவர் கையை எடுத்துவிடுவார். சாப்பிட்டு முடித்ததும் சொல்லலாம் என்றால் வெற்றிலை வந்தது. வெற்றிலை முடிந்ததும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. காசிம் காக்கா சொல்வார் என்று நான் நினைத்தேன். நான் சொல்வேன் என்று அவர் நினைத்திருப்பார். எழுந்து நின்ற ஹாஜியார், எல்லோர் முன்னாலும் வாய்விட்டே கேட்டார்: “அல்ஹம்துலில்லாஹ், ஊர் நல்லா தேறியிருக்கு. இருந்தாலும் ஏதாவது செய்யணும்னு ஆசையா இருக்கு. என்ன வேணும், சொல்லுங்க.”

அந்தக் கேள்விக்காகத்தான் அத்தனை பாடும். காசிம் காக்காவின் உதடு அசைந்ததைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக ஊருக்காகப் பேசிய வாய். “எல்லாம் அல்லாஹ் தந்திருக்கான். உங்க துஆ போதும்” என்றார். சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும் தலையை ஆட்டினோம். நான் வேண்டுமென்று செய்தேன் என்றோ, அது என் தப்பு என்றோ இதை உனக்கு எழுதவில்லை. விருந்தாளி என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த பதில். தும்மினால் வருகிற மாதிரி அது வந்துவிட்டது. ஹாஜியார் சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்த ஒரே குறை, பள்ளிவாசலுக்கு மினாராக் கோபுரம் இல்லாததுதான். “அப்ப மினாராவை நான் கட்டித் தாரேன்” என்றார். ஊரே அல்லாஹு அக்பர் என்று முழங்கியது. அந்தச் சத்தம் பனங்காடு வரைக்கும் கேட்டிருக்கிறது. கூரை வந்துவிட்டது என்று நினைத்து அங்கிருந்த பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று உன் உம்மா சொன்னாள்.

சொன்ன சொல் தவறாத மனுஷர். மழை இறங்குவதற்கு முன்பே சுண்ணாம்பும் செங்கல்லும் வந்து இறங்கிவிட்டன. சுண்ணாம்பு நனைந்தால் வீணாகிவிடும். பிறத்தியார் தந்த பொருள், பள்ளிவாசலுக்கென்று தந்த பொருள், அதை வீணாக்குவது பாவம். அதனால் பந்தலைப் பிரித்த ஓலையில் கிழியாதது எல்லாம் சுண்ணாம்புக்கு மேலே போனது. அந்த ஐப்பசி மழையில் நம் ஊரில் நனையாமல் இருந்தது அந்தச் சுண்ணாம்பு மட்டும்தான். நானும் ஒரு கை பிடித்துத்தான் மூடினேன்.

தோணிப்பாய் நனைந்து தொங்கி, பாரம் தாங்காமல் எங்கள்மேல் ஊற்றியது. ஆமினாவின் ஆறிக்கொண்டிருந்த காலில் மறுபடி சீழ் வைத்தது. ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம், மருந்து கொடுத்து, “ஈரம் படாம வச்சிருங்க” என்று சொல்லி அனுப்பினார்கள். சொன்ன டாக்டர்மேல் என்ன குற்றம்? எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்கு எப்படித் தெரியும்? உன் உம்மா அவள் காலை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து தன் முதுகையே கூரையாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காய்ச்சல் ஜன்னியானது. கடைசியாக நினைவு இருந்தபோது அவள் என்னைக் கூப்பிட்டு, “அவுகளுக்கு நம்ம வீடு தெரியலையா வாப்பா?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் கோபமே இல்லை. வழி தவறிப்போன மனுஷருக்காக வருத்தப்பட்டுக் கேட்டாள். மழை விட்ட ஒரு சிறு நேரத்தில் அவளை மையவாடிக்குக் கொண்டு போனோம். காசிம் காக்கா அவளைக் கிடத்திய சந்தூக்கின் முன்பக்கத்தைத் தோளில் வாங்கியவர், கடைசி வரை யாருக்கும் மாற்றிக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் ஜமாஅத்தில் பேசவும் இல்லை.

பங்குனியில் மினாரா முடிந்தது. திறப்புக்கு ஹாஜியாரை அழைத்திருந்தோம். ஊர் மறுபடியும் பெருக்கி, மணல் பரப்பத் தயாராக இருந்தது. ஆனால் அவர் ராமநாதபுரத்தில் இறங்கி, எங்கள் ஆட்கள் வருவதற்குக் காத்திராமல், கிடைத்த ஜட்காவில் ஏறிக் காலையிலேயே வந்துவிட்டார். ஜட்காக்காரனுக்கு எந்தத் தெரு வழியாகக் கூட்டிவர வேண்டும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. நேராகக் கடற்கரைத் தெருவுக்குள் ஓட்டிவந்துவிட்டான். நான் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தேன். எரிந்த சுவர்களும், அவற்றில் கட்டிய பாய்களும், அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற பிள்ளைகளும் அப்படியே இருந்தன. ஹாஜியார் வண்டியை நிறுத்தி இறங்கினார். நம் பாய்க்கு முன்னால் வந்து நின்றார். உள்ளே உன் உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “வாங்க, உக்காருங்க. டீ போடுறேன்” என்றாள். வீட்டில் டீத்தூள் இல்லை. அடுத்த பாய்க்கு ஆள் அனுப்பி வாங்கினாள்.

அவர் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். பாயைப் பார்த்துக்கொண்டே, “எத்தனை புள்ளைங்கம்மா?” என்று கேட்டார். உள்ளேயிருந்து பதில் வந்தது: “ரெண்டு. ஒண்ணு இங்கன இருக்கு.” அந்தப் பெரிய மனுஷர் தலையில் அடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். “ஏன் சொல்லல, என்கிட்ட ஏன்யா சொல்லல?” என்று என் கையைப் பிடித்து உலுக்கினார். டீ ஆறுது என்றேன். அன்றைக்கு அவர் விருந்துக்கு உட்காரவில்லை. ஒவ்வொரு பாயாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். அடுத்த மழைக்கு முன்னால் அந்தத் தெருக்களுக்கெல்லாம் ஓடும் மரமும் வந்து சேர்ந்தன. நீ வளர்ந்த ஓட்டு வீடு அப்படி வந்ததுதான். மழை நாளில் ஓட்டில் விழுகிற சத்தத்தைக் கேட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்று நீ சொல்வாய். உன் உம்மா அந்தச் சத்தத்தில் தூங்கி நான் பார்த்ததில்லை.

சரி, உன் வேலைக்கு வருகிறேன். அந்தக் குப்பத்துக்காரர்கள் உங்களுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்திருப்பதை வசதி என்று நினைத்துவிடாதே. இறால் எங்கிருந்து வந்தது, தட்டு யாருடையது என்று யோசி. என்ன வேண்டும் என்று சபையில் வைத்துக் கேட்காதே, ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். அவர்கள் மாறுவார்கள் என்று எதிர்பார்க்காதே. இவ்வளவும் பட்ட பிறகு, நாளைக்கே நம் வீட்டுக்கு அப்படி ஒருவர் வந்தால் நானும் கோழியடித்து, நெய்ச்சோறு ஆக்கி, எல்லாம் அல்லாஹ் தந்திருக்கான் என்றுதான் சொல்வேன். எனக்கு அது போகாது. கேட்க வேண்டியவனால் முடியாததை, கொடுக்கப் போகிறவன்தான் செய்ய வேண்டும்.

சின்ன வயதிலிருந்து உனக்கு மரியாதை சொல்லிக்கொடுத்து வளர்த்தேன். ஒருவர் வீட்டுக்குச் சொன்ன நேரத்துக்குப் போ, முன்வாசல் வழியாகப் போ, உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார் என்று. அந்தக் குப்பத்தில் மட்டும் அதையெல்லாம் மறந்துவிடு. சங்கத்துக்காரர்களின் கார் மத்தியானத்துக்குப் போய்ச் சேரட்டும், நீ அதில் ஏறாதே. கடலூருக்கு முதல் நாளே போய்த் தங்கி, காலையில் முதல் பஸ்ஸைப் பிடி. அவர்கள் பதறுவார்கள், சங்கடப்படுவார்கள், யாராவது ஒரு பெண்பிள்ளை டீ போடுகிறேன் என்பாள். வாங்கிக் குடித்துவிட்டு, அவள் எங்கே படுத்து எழுகிறாள் என்று பார். அவர்கள் தெருவைப் பெருக்கி முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடு மகனே. நம் தெருவுக்கு ஹாஜியார் ஒரு மழைக்காலம் பிந்தி வந்தார்.